விக்டோரியா காலத்து நீளும் சாப்பாட்டு மேசை: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் வரும் கேள்விகள்

இங்கிலாந்தில் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்கள் ஏலக்கூடத்திலோ பழைய சாமான் கடையிலோ இந்த மேசையைப் பார்த்துவிட்டு வந்து, இது நல்லதா, வாங்கலாமா, வாங்கினால் வீட்டுக்குள் நுழையுமா என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கீழே போட்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேல்பலகையின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். இது பாதி மரச்சாமான், பாதி இயந்திரம். குனிந்து அடியில் பார்க்காதவர் மேசையையே பார்க்கவில்லை.

விக்டோரியா காலம் என்றால் எந்த ஆண்டுகள்?

விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த 1837 முதல் இறந்த 1901 வரை. அறுபத்து நான்கு வருடம் என்பதால் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஆரம்ப காலத்து மேசைகளில் அலங்காரம் குறைவு, கால்கள் ஓரளவு அடக்கமாக, நீளவாக்கில் வரிவரியாகக் கடைந்திருக்கும். போகப்போகக் கால்கள் பருத்துக்கொண்டே வந்தன. கடைசி இருபது வருடத்தில் பழைய ஆங்கிலப் பாணி என்று சொல்லிக்கொண்டு ஓக் மரத்தில் செதுக்கு வேலை நிறைய வந்தது. என் ரசனைக்கு அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சாப்பாட்டு மேசை ஏன் நீள வேண்டும்? பெரிதாகவே செய்திருக்கலாமே?

வசதியான பிரபு வீட்டில் எந்நேரமும் இருபது பேர் உட்காரும் மேசையைப் போட்டு வைக்க இடம் இருந்தது. விக்டோரியா காலத்தில் பெருகியது நடுத்தர வர்க்கம்: வக்கீல், டாக்டர், ஆலை முதலாளி. நகரத்து வீட்டில் ஒரு சாப்பாட்டு அறைதான். தினமும் குடும்பத்துக்கு நாலடி மேசை போதும், விருந்து என்றால் பன்னிரண்டு பேருக்கு இடம் வேண்டும்.

விருந்து வைக்கும் முறையும் அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் எல்லாப் பதார்த்தங்களையும் ஒரேயடியாக மேசையில் பரப்பி, அவரவர் எடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கும் பரிமாறிச் சாப்பிட்டார்கள். நூற்றாண்டின் பிற்பாதியில் ‘ரஷ்ய முறை’ பரவியது. வேலையாட்கள் ஒவ்வொரு பதார்த்தமாகக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் பரிமாறுவார்கள், மேசை நடுவில் பூவும் பழமும் மட்டும். பதார்த்தங்கள் போய்விட்டதால் நடுவில் அலங்காரத்துக்கு நிறைய இடம் கிடைத்தது, பரிமாறுகிறவர் நுழைய நாற்காலிகளுக்கு இடையே கொஞ்சம் சந்தும் தேவைப்பட்டது. இத்தனைக்கும் இடம் கொடுக்க, வேண்டும்போது நீண்டு வேண்டாதபோது சுருங்கும் மேசை வசதியாக இருந்தது.

எப்படி நீள்கிறது?

பல வகை உண்டு, ஆனால் நீங்கள் கடையில் பார்க்கப் போவது பெரும்பாலும் கைப்பிடி போட்டுச் சுற்றும் வகைதான். மேசையின் ஒரு முனையில், பலகைக்குக் கீழே ஓடும் சட்டத்தின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். உள்ளே டார்ச் அடித்தால் சதுர முனையுள்ள இரும்புத் தண்டு தெரியும். கைப்பிடியை அதில் மாட்டிச் சுற்றினால், மேசைக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கும் மரை போட்ட தண்டு சுழன்று, இரண்டு முனைச் சட்டங்களையும் ஒன்றைவிட்டு ஒன்று மெதுவாகத் தள்ளும். பக்கச் சட்டங்கள் நாக்கும் காடியுமாக ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி வருவதால் நடுவில் இடைவெளி விழுந்தாலும் மேசை தொய்யாது. அந்த இடைவெளியில் தனிப் பலகைகளை வைத்து, ஒன்றின் விளிம்பில் உள்ள கழுந்துகள் அடுத்ததன் குழிகளில் உட்காரும்படி பார்த்துக்கொண்டு, திரும்ப எதிர்ப்பக்கம் சுற்றி இறுக்க வேண்டும். கடைசி ஒரு சுற்றில் சந்துகள் எல்லாம் மூடி ஒரே பலகை மாதிரி ஆகிவிடும். நல்ல நிலையில் உள்ள மேசையில் இதைச் செய்யக் குழந்தை போதும். என் வீட்டில் குழந்தைகள் இதற்குச் சண்டையே போடுவார்கள்.

இந்தத் திருகுத் தண்டுகளைச் செய்து லண்டன் வரையிலான மேசைக்காரர்களுக்கு விற்றதில் பர்மிங்ஹாம் நகரத்து ஜோசப் ஃபிட்டர் பெயர்பெற்றவர். தண்டில் அவர் பெயர் பொறித்திருந்தால் நல்லதுதான், ஆனால் அது தண்டு செய்தவர் பெயர், மேசை செய்தவர் பெயர் அல்ல. விற்பவர் இரண்டையும் போட்டுக் குழப்பினால் குழம்பாதீர்கள்.

இதற்கு முந்திய வகை, திருகே இல்லாமல் கையால் இழுத்து நீட்டுவது. லங்காஸ்டர் ஊர் கில்லோ குடும்பத்து ரிச்சர்ட் கில்லோ 1800-இல் இப்படிப்பட்ட மேசைக்குக் காப்புரிமை வாங்கினார். வட்ட மேசை ஒன்றும் உண்டு. ராபர்ட் ஜூப் 1835-இல் காப்புரிமை எடுத்தது, அதாவது ராணி பட்டத்துக்கு வர இரண்டு வருடம் முன்பு. மேல்பலகை முக்கோணத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும், பலகையைப் பிடித்துச் சுழற்றினால் துண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாக நகரும், இடையே கூடுதல் துண்டுகளைச் செருகினால் வட்டம் பெரிதாகும். பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை. ஆனால் அசலுக்குப் பல்லாயிரம் பவுண்டு கேட்பார்கள், ஆகவே அருங்காட்சியகத்திலும் ஏலப் பட்டியலிலும் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கைப்பிடி தொலைந்துபோன மேசையை வாங்கலாமா?

தாராளமாக. பாதி மேசைகளுக்குக் கைப்பிடி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்டின் சதுர முனையை அளந்துகொண்டு போனால் பழைய சாமான் உதிரிபாகம் விற்பவரிடம் பொருத்தமானது கிடைக்கும், இல்லாவிட்டால் ஒரு பட்டறையில் செய்துகொள்ளலாம். அதற்காக, இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம் என்று குறடு போட்டுத் திருப்பாதீர்கள். சதுர முனை மழுங்கிவிட்டால் பிறகு எந்தக் கைப்பிடியும் பிடிக்காது. கைப்பிடி இல்லை என்பதைச் சொல்லி விலை குறைக்கக் கேளுங்கள், அது நியாயம்தான்.

பலகைகள் தொலைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எத்தனை பேர் உட்காரலாம்? என் அறைக்குள் அடங்குமா?

ஆளுக்கு 60 செ.மீ. கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலடி சதுர மேசை, இரண்டடி அகலத்தில் இரண்டு பலகை என்றால் விரித்ததும் எட்டடி. பக்கத்துக்கு நான்கு பேர், முனைக்கு ஒருவர், மொத்தம் பத்து. மூலையில் உட்காருகிறவர்கள் முழங்காலுக்கு அந்தத் தடித்த கால் இடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் எட்டுப் பேர் நிம்மதியாக, பத்துப் பேர் சொந்தக்காரர்களாக இருந்தால்.

அறை அளவில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க எல்லாப் பக்கமும் 90 செ.மீ.யாவது வேண்டும். நாலடி அகலம், எட்டடி நீளம் உள்ள மேசைக்கு அறை பத்தடிக்குப் பதினாலடி இருக்க வேண்டும். கடையில் மடக்கி வைத்திருப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல் வீட்டுத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்த அளவுக்குப் பரப்பிச் சுற்றி நடந்து பாருங்கள்.

எந்த மரம்?

பெரும்பாலும் மஹோகனி, அடுத்து ஓக், கொஞ்சம் வால்நட். மஹோகனி கரீபியன் தீவுகளிலிருந்தும் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் கரையிலிருந்தும் கப்பலில் வந்தது. அப்போது பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் எனப்பட்ட பெலீஸ் நாட்டின் கொடியில் இன்றும் ஒரு மஹோகனி மரமும் கோடரி, துடுப்பு பிடித்த இரண்டு மனிதர்களும் இருக்கிறார்கள். 1830-களில் அடிமை முறை ஒழியும் வரை அங்கே காட்டில் இந்த மரத்தை வெட்டி இழுத்தவர்கள் அடிமைகள். 1845-இல் பிரிட்டன் மரச்சாமான் செய்யும் இந்த வகை மரத்துக்கான இறக்குமதி வரியையும் எடுத்துவிட்டது. நாலடி அகலத்துக்கு இரண்டு மூன்று பலகைகளையே சேர்த்து மேல்பரப்புச் செய்ய முடிந்தது என்றால், அத்தனை பெரிய மரங்கள் விழுந்தன என்று அர்த்தம். இன்று அந்த அகலத்தில் புதுப் பலகை கேட்டால் மரக்கடைக்காரர் சிரிப்பார். காட்டு மஹோகனி வியாபாரத்துக்கு இப்போது சர்வதேசக் கட்டுப்பாடு வேறு இருக்கிறது.

உண்மையிலேயே அந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

முதலில் பலகைகளின் அடிப்பக்கம். எல்லாப் பலகைக்கும் அடி நிறம் ஏறக்குறைய ஒன்றாக, வெளிறிப்போய் உலர்ந்து இருக்க வேண்டும். பளிச்சென்று புதுச் சாயம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மரத்தை அறுத்த தடம் வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம், நேர்கோடாக இருந்தால் கையாலோ நேர்ரம்ப இயந்திரத்தாலோ அறுத்தது. இரண்டும் அந்தக் காலத்தில் உண்டு, ஆனால் ஒரே மேசையின் பலகைகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அது பின்னால் வந்து சேர்ந்தது.

அப்புறம் ஸ்க்ரூ. ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதித்தால் பெரிய அதிர்ஷ்டம். 1850-க்கு முந்திய, மரத்தில் போடும் ஸ்க்ரூக்களின் முனை மொட்டையாக இருக்கும், கூர்முனை கிடையாது. கூர்முனை ஸ்க்ரூவைச் செய்யும் அமெரிக்க இயந்திரத்துக்கான உரிமையை 1854-இல் நெட்டில்ஃபோல்டு குடும்பத்தார் சேம்பர்லின் குடும்பத்துப் பணத்தோடு வாங்கி பர்மிங்ஹாம் பக்கத்தில் தொழிற்சாலை போட்ட பிறகுதான் அது பிரிட்டனில் சாதாரணமானது. ஆகவே ‘1840-ஆம் வருடத்து மேசை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது, ஆனால் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் ஸ்க்ரூக்கள் எல்லாமே கூர்முனை என்றால், எழுதி ஒட்டியவர் ஆசைப்பட்டிருக்கிறார். தலையில் கூட்டல் குறி மாதிரி வெட்டு உள்ள ஸ்க்ரூ இருந்தால் அது இருபதாம் நூற்றாண்டுப் பழுது வேலை. அதுவே குற்றம் இல்லை, நூற்றைம்பது வருடத்தில் யாராவது ஒருவர் பழுது பார்த்துத்தான் இருப்பார்.

இரும்பு, பித்தளைப் பாகங்களில் வைர வடிவத்தில் ஒரு முத்திரை இருந்தால் அது வடிவமைப்புப் பதிவுக் குறி. 1842 முதல் 1883 வரைதான் அந்தக் குறி புழக்கத்தில் இருந்தது, மூலைகளில் உள்ள எழுத்தையும் எண்ணையும் வைத்துப் பதிவான தேதியையே கண்டுபிடிக்கலாம். கால் சக்கரத்தில் கோப் அண்ட் காலின்சன் என்ற பெயர் இருந்தாலும் நல்ல அடையாளம், அதிலும் சக்கரத்தைப் பார்த்துப் பேர் மேசைக்காரருடையது என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, எல்லாவற்றையும்விட நான் முதலில் தேடுவது எண்களை. மேசை செய்த தச்சர் எந்தப் பலகை எங்கே வரும் என்பதற்கு விளிம்பிலோ அடியிலோ 1, 2, 3 என்று குத்தியிருப்பார், சிலர் உளியால் கோடு போட்டிருப்பார். சட்டத்திலும் பலகையிலும் எண்கள் வரிசையாகப் பொருந்தினால் மேசை குடும்பத்தோடு இருக்கிறது. இரண்டு மேசைகளை உடைத்து ஒன்றாக்கிய ‘கல்யாணம் செய்து வைத்த’ மேசைகள் சந்தையில் நிறைய. அவையும் சாப்பிட உதவும், விலைதான் பாதி இருக்க வேண்டும்.

நடுப் பலகைகள் மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கின்றன. ஏமாற்றா?

பெரும்பாலும் இல்லை, நேர்மைக்கு அடையாளம். மேசை ஜன்னல் வெளிச்சத்தில் நூறு வருடம் நின்று வெளுத்திருக்கிறது, பலகைகள் மாடிப்படி அடியில் இருட்டில் கிடந்திருக்கின்றன. இரண்டும் துல்லியமாக ஒரே நிறத்தில் இருந்தால்தான் யாரோ சமீபத்தில் முழுதும் இழைத்துப் பாலிஷ் போட்டிருக்கிறார் என்று சந்தேகப்படுவேன். நிறம் சேர வேண்டும் என்றால் பலகைகளைப் போட்டு விரித்தபடியே சில வருடம் பயன்படுத்துங்கள், வித்தியாசம் தானாகக் குறையும்.

மேல்பரப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசு போல ஆக்கலாமா?

கூடாது.

காரணம் கேட்டால்: அந்தப் பழைய மேற்பூச்சு அரக்குப் பாலிஷ். 1820-களுக்குள் இங்கிலாந்தில் பரவிய முறை இது. சாராயத்தில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தால் தொட்டுத் தொட்டு பல மெல்லிய படலங்களாகத் தடவி ஏற்றுவார்கள். அரக்கு போனது இந்தியாவிலிருந்து. புரசு, இலந்தை மரக்கிளைகளில் பூச்சி சுரக்கும் பிசின்தான் லண்டன் விருந்து மேசைகளைப் பளபளக்க வைத்தது. உப்புத்தாள் அந்தப் படலத்தோடு மரத்தில் ஏறிய வயதையும் எடுத்துவிடும், பிறகு எந்தப் பாலிஷ் போட்டாலும் புதுக் கதவு மாதிரி இருக்கும், விலையும் போய்விடும்.

தினசரிக்கு உலர்ந்த மெல்லிய துணி. வருடத்துக்கு ஓரிரு முறை தேன்மெழுகு கலந்த மெழுகை மிகக் கொஞ்சமாகத் தடவி நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும். சிலிகான் கலந்த ஸ்ப்ரேக்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பின்னால் பாலிஷ்காரர் வேலை செய்யும்போது பூச்சு ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கும்.

சூடான பாத்திரம் வைத்து வெள்ளை வட்டம் விழுந்துவிட்டது. என்ன செய்ய?

நம் வீடுகளில் இதுதான் முதல் கேள்வி. குக்கரை இறக்கி நேராக மேசையில் வைக்கிற கை நிற்காது. வெள்ளை வட்டம் என்றால் ஈரம் அரக்குப் படலத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. சில நாள் விட்டுப் பாருங்கள், லேசானது தானே மங்கும். போகாவிட்டால் கொஞ்சம் மெழுகைத் துணியில் எடுத்து மெதுவாகத் தேய்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் பாலிஷ்காரர். இணையத்தில் சொல்வதை நம்பிச் சாராயத்தால் துடைத்தால் வட்டத்தோடு பாலிஷும் கரைந்து வரும், அரக்கைக் கரைப்பதே அதுதானே. மது சிந்தினாலும் அதே கதி, உடனே ஒற்றி எடுங்கள். கறுப்பு வட்டம் வேறு விஷயம்: தண்ணீர் மரத்துக்குள் இறங்கிவிட்டது, நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

விருந்து நாளில் தடித்த கம்பளி விரிப்பு, அதன்மேல் மேசைத்துணி. விக்டோரியா காலத்திலும் இப்படித்தான் செய்தார்கள்.

சுற்றினால் நடுவழியில் இறுகிக்கொள்கிறது.

பலம் காட்டாதீர்கள். முதலில் தரை சமமா பாருங்கள், ஒரு கால் கம்பளத்தில் புதைந்து நின்றாலே சட்டம் கோணிக்கொண்டு பிடிக்கும். அடுத்தது வழுக்குச் சட்டங்களின் காடிகளில் சேர்ந்த பழைய அழுக்கும் கெட்டியான மசகும். சுரண்டி எடுத்துவிட்டு, மரத்தோடு மரம் உரசும் இடத்தில் வெறும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். மரத்துக்கு எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். இரும்புத் தண்டைத் துடைத்துக் கொஞ்சமாக கிரீஸ் தடவலாம். இரண்டு பக்கமும் ஒருவர் நின்று லேசாகத் தாங்கிக்கொள்ள, மூன்றாமவர் சுற்றுவது நல்லது. முழுதும் விரிந்து முட்டிய பிறகு ‘இன்னும் கொஞ்சம்’ என்று சுற்றித்தான் பல தண்டுகள் கெட்டுப்போயின.

சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிகின்றன. உளுத்துப்போய்விட்டதா?

ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் வட்ட ஓட்டை என்றால் மரவண்டு வெளியேறிய வழி. ஆள் போய் ஐம்பது வருடம்கூட ஆகியிருக்கலாம். அடியில் கறுப்புத் தாளை விரித்து வைத்துக் கோடைகாலம் முழுதும் கவனியுங்கள். வண்டு வெளியேறுவது அந்தப் பருவத்தில்தான். வெளிறிய மாவு புதிதாக உதிர்ந்தால் மருந்து அடிக்க வேண்டும். மஹோகனியின் வைரம் பாய்ந்த பகுதியை இவை அதிகம் தொடுவதில்லை, உள்ளே மலிவு மரத்தில் செய்த சட்டங்களைத்தான் தின்னும், அங்கே முதலில் பாருங்கள்.

மேசைக் கால்கள் ஆபாசம் என்று விக்டோரியா காலத்தார் துணி போட்டு மூடினார்களாமே?

கட்டுக்கதை. 1839-இல் தன் அமெரிக்கப் பயணத்தை எழுதிய கப்பற்படைக்காரர் ஃபிரெடரிக் மேரியட், அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் பியானோ கால்களுக்குக் குட்டிக் காற்சட்டை மாட்டியிருந்ததாகச் சொன்னார். அமெரிக்கர்களைக் கிண்டலடிக்க ஆங்கிலேயர்கள் சொல்லிச் சிரித்த கதை, பின்னால் ஆங்கிலேயர்கள் தலையிலேயே வந்து விடிந்தது. யோசித்துப் பாருங்கள், மூடுவதற்கா அத்தனை மெனக்கெட்டுக் கடைந்தார்கள்?

ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?

கறுத்த மரச்சாமான் இப்போது யாருக்கும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தனிச் சாப்பாட்டு அறையே வீடுகளில் ஒழிந்துகொண்டு வருகிறது. 2000-க்குப் பிறகு விலை நன்றாக இறங்கிவிட்டது. சாதாரண மஹோகனி மேசை ஏலத்தில் சில நூறு பவுண்டுக்கே போகும். அதே மேசையைப் பழுது பார்த்து வைத்திருக்கும் கடையில் ஆயிரங்களில் இருக்கும், அது நியாயமான கூலிதான். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏலக்கூடத்தின் கமிஷனும் அதற்கு வரியும் உண்டு, கை தூக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு விற்று லாபம் பார்க்கலாம் என்று மட்டும் வாங்காதீர்கள். சாப்பிட, குழந்தைகள் வீட்டுப்பாடம் எழுத, வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

இழுத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள். சக்கரம் இருக்கிறதே என்று தரையில் தள்ளினால் கால் மூட்டு தெறிக்கும், அந்தச் சக்கரம் அறைக்குள் ஓரிரு அடி நகர்த்துவதற்கு. பலகைகளைக் கழற்றித் தனியாகக் கம்பளியில் சுற்றுங்கள். பல மேசைகளில் கால்கள் மரையோடு திருகிக் கழலும், கழலுமா என்று விற்பவரிடம் கேட்டு, எந்தக் கால் எந்த மூலை என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். தூக்கும்போது மேல்பலகையைப் பிடிக்காமல் கீழ்ச்சட்டத்தைப் பிடிக்க வேண்டும். வந்ததும் ரேடியேட்டர் பக்கத்தில் போடாதீர்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் அறைக் காற்றை உலர்த்தி, பலகை குறுக்குவாக்கில் சுருங்கி, விரிசல் விடும். பயன்படுத்தாத நடுப் பலகைகளைக் கட்டிலுக்கு அடியில் சமமாகப் படுக்கவைத்தால் போதும். சுவரில் சாய்த்து மாதக்கணக்கில் விட்டால் வளைந்து, பிறகு விருந்தன்று சேராது.

தொலைந்த பலகைக்குப் பதில் புதிதாகச் செய்து போடலாமா?

போடலாம். துணி விரித்தே பயன்படுத்துவீர்கள் என்றால் நல்ல பிளைவுட்டே போதும். தடிமன் மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் தட்டு ஆடும். கழுந்துகளின் இடத்தைப் பக்கத்துப் பலகையை வைத்தே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அளவுநாடாவை நம்பினால் சேராது. அசலைப் போலவே வேண்டும் என்றால், உடைந்த பழைய மஹோகனிச் சாமான்களின் மரத்தை வைத்துச் செய்து தரும் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள், மேசை விலையைவிட அந்த ஒரு பலகைக்கு அதிகம் கேட்பார்கள். எதைச் செய்தாலும் அடிப்பக்கம் செய்த ஆண்டைப் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், அடுத்து வாங்குகிறவர் ஏமாற வேண்டாம்.